ஊருக்குத் திரும்பிய பட்டங்கள்: பிலிப்பைன்ஸ் பெண்களின் படிப்பும் பணியும்

பிலிப்பைன்ஸ் பெண்கள் என்றதும் நம் ஊரில் பலருக்கும் நினைவுக்கு வருவது நர்சுகள். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களிடம் பேசினால், ஆஸ்பத்திரியில் ஊசி போட்டவர், பிரசவம் பார்த்தவர், ராத்திரி முழுக்கக் கூட இருந்தவர் என்று யாரோ ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணைப் பற்றிச் சொல்வார்கள். தாவோ நகரத்துக்கு மருத்துவம் படிக்கப் போன தமிழ்ப் பிள்ளைகளும் இப்போது நிறைய இருக்கிறார்கள்.

வெளிநாட்டுக்குப் போனவர்களை உலகத்துக்கே தெரியும். படித்து முடித்து, பட்டத்தோடு தீவுக்கும் மலைக்கும் குடிசைப் பகுதிக்கும் போனவர்களை அவ்வளவாகத் தெரியாது. அவர்களைத் தியாகிகள் என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். அவர்கள் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு வேறொன்று பளிச்சென்று தெரிகிறது. திரும்பிப் போக யாராவது வழி அமைத்துக் கொடுத்த இடங்களுக்குப் படித்த பெண்கள் திரும்பிப் போயிருக்கிறார்கள். வழி இல்லாத இடங்களில் சிலர் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். இரண்டும் இல்லாதபோது விமானம் ஏறினார்கள்.

படிக்க வேண்டும் என்ற கேள்வி அங்கே எப்போது எழுந்தது என்று பார்த்தால் 1888க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி, மணிலாவுக்கு வடக்கே இருக்கும் மாலோலோஸ் ஊருக்கு ஸ்பானிய கவர்னர் ஜெனரல் வெய்லர் வந்திருந்தார். இருபது இளம்பெண்கள் அவரிடம் ஒரு மனுவைக் கொடுத்தார்கள். ஸ்பானிய மொழி கற்க ஓர் இரவுப் பள்ளி வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. அரசு, சட்டம், வழக்கு எல்லாம் ஸ்பானிய மொழியில் நடந்த காலம். உள்ளூர் மக்கள் அந்த மொழியைக் கற்றுக்கொள்வது பாதிரிமார்களுக்குப் பிடிக்காது. பெண்கள் என்றால் கேட்கவே வேண்டாம். ஊர்ப் பாதிரியார் எதிர்த்தார், மனு முதலில் தள்ளுபடி ஆனது. பெண்கள் விடவில்லை. அடுத்த பிப்ரவரியில் அனுமதி வந்தது, ஆனால் நிபந்தனைகளோடு: செலவு அவர்களுடையது, சொல்லித் தருபவர் பெண்ணாக இருக்க வேண்டும், வகுப்பு பகலில்தான். அந்தப் பள்ளி சில மாதங்கள்தான் நடந்தது. பின்னாளில் பிலிப்பைன்ஸின் தேசிய வீரராகக் கொண்டாடப்பட்ட எழுத்தாளர் ஹோசே ரிசால் அப்போது லண்டனில் இருந்தார்; இவர்களைப் பாராட்டித் தன் தாய்மொழியான தகாலோக் மொழியில் நீண்ட கடிதம் எழுதினார்.

1898இல் ஸ்பெயின் போய் அமெரிக்கா வந்தது. ஆண்ட கை மாறியதே தவிர ஆட்சி அந்நிய ஆட்சிதான். அதோடு நடந்த போரில் பிலிப்பைன்ஸ் மக்கள் செத்து மடிந்ததையும் மறக்கக் கூடாது. ஆனால் படிப்பு விஷயத்தில் ஒரு கதவு திறந்தது. பையன்களுக்கும் பெண்களுக்கும் பொதுவான அரசுப் பள்ளிகள் வந்தன. 1903இல், மாணவர்களை அரசு செலவில் அமெரிக்காவுக்கு அனுப்பும் சட்டம் வந்தது. 1908இல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம் தொடங்கியது. அரசு செலவில் போன ஹொனோரியா அகோஸ்டா 1909இல் பிலடெல்ஃபியாவில் மருத்துவப் பட்டம் வாங்கி, நாட்டின் முதல் பெண் டாக்டராகத் திரும்பி வந்து பிரசவ மருத்துவத்தில் இறங்கினார். 1912இல் மரியா பாஸ் மெண்டோசா உள்ளூர்ப் பல்கலைக்கழகத்திலேயே மருத்துவம் முடித்தார். சில ஆண்டுகளில் முதல் பெண் வக்கீல் வந்தார். 1923இல் என்கார்னசியோன் அல்சோனா கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கினார்.

படித்த இந்தப் பெண்கள்தான் சங்கங்கள் அமைத்து, பச்சிளம் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் நிலையங்கள் நடத்தி, அப்புறம் வாக்குரிமையும் கேட்டார்கள். 1935 அரசியல் சட்டம் ஒரு விசித்திரமான நிபந்தனை போட்டது: 3 லட்சம் பெண்கள் ‘வேண்டும்’ என்று வாக்களித்தால்தான் பெண்களுக்கு வாக்குரிமை. 1937 ஏப்ரல் 30 அன்று 4 லட்சத்து 47 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வந்து ‘வேண்டும்’ என்று போட்டுவிட்டுப் போனார்கள்.

இந்தத் தலைமுறையில் எனக்கு மிகவும் பிடித்தவர் மரியா ஒரோசா. பத்தங்காஸ் மாகாணத்தின் தாஆல் ஊர்க்காரர். 1916இல் அமெரிக்கா போய், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருந்து வேதியியலும் உணவு வேதியியலும் படித்தார். கோடை விடுமுறைகளில் அலாஸ்காவின் மீன் பதப்படுத்தும் தொழிற்சாலைகளில் வேலை பார்த்துப் படிப்புச் செலவைச் சமாளித்தார். படித்து முடித்ததும் அந்த மாநில அரசிலேயே வேதியியலாளர் வேலை கிடைக்கிற நிலை. அதை விட்டுவிட்டு 1922இல் நாடு திரும்பினார்.

அவர் கவலை ஒன்றே ஒன்று: பழமும் கிழங்கும் நெல்லும் விளைகிற நாட்டில் ஏன் டப்பா உணவை இறக்குமதி செய்கிறோம், ஏன் குழந்தைகள் சத்தில்லாமல் சாகின்றன? தக்காளி அங்கே சரியாக விளையாது. வாழை கொட்டிக் கிடக்கிறது. எனவே வாழைப்பழத்தில் கெட்சப் செய்யும் முறையை உருவாக்கினார். இன்று பிலிப்பைன்ஸில் வறுத்த கோழிக்கும் ஸ்பகெட்டிக்கும் அதைத்தான் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். இதை வைத்தே இணையத்தில் அவரை ‘கெட்சப் கண்டுபிடித்த பெண்மணி’ ஆக்கிவிட்டார்கள். என்னைக் கேட்டால் அவருடைய பெரிய வேலை தவிட்டில்தான் இருக்கிறது. தீட்டிய வெள்ளை அரிசியையே சாப்பிடுகிற மக்களுக்கு பி1 சத்துக் குறைந்து பெரிபெரி நோய் வரும்; கை கால் மரத்து, உடம்பு வீங்கி, குழந்தைகள் இறந்தே போகும். அரிசி ஆலையில் மாட்டுக்கென்று ஒதுக்கும் தவிட்டில் அந்தச் சத்து முழுக்க இருக்கிறது. அதில் அவர் பிஸ்கட் செய்தார். சோயாவைப் பொடியாக்கிக் கரைத்துக் குடிக்கிற சத்துப்பானம் செய்தார்.

அப்புறம், மின்சாரம் இல்லாத வீட்டுப் பெண் எப்படி பேக்கிங் செய்வாள் என்று யோசித்து, அவள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிற மண்பானையை ஓவனாக மாற்றும் வழியைக் கண்டுபிடித்தார். விறகு, பானை, கொஞ்சம் தகரம் போதும். இதையெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்தில் செய்து அறிக்கை எழுதி வைத்திருந்தால் அங்கேயே தூசி படிந்திருக்கும். கிராமங்களில் பெண்கள் சங்கங்களை அமைத்து, ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்டுகிற பயிற்சியாளர்களைத் தயார் செய்தார். ஊறுகாய் போடுவது, பழத்தைப் பதப்படுத்துவது, கோழி வளர்ப்பது என்று ஆயிரக்கணக்கான பெண்கள் அந்தச் சங்கங்களில் கற்றார்கள். ஆராய்ச்சிக்கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே அவர் போட்ட வழி இதுதான்.

ஜப்பான் படையெடுப்பின்போது குடும்பத்தார் ஊருக்கு வந்துவிடச் சொன்னார்கள். அவர் மணிலாவை விட்டு நகரவில்லை. மூங்கில் குழாய்க்குள் சோயாப் பொடியையும் தவிட்டு பிஸ்கட்டையும் அடைத்து, ஜப்பானியர் வெளிநாட்டவரை அடைத்து வைத்திருந்த சாந்தோ தோமாஸ் முகாமில் பட்டினி கிடந்த கைதிகளுக்குக் கடத்தி அனுப்பினார். கெரில்லாப் படையில் அவருக்குக் கேப்டன் பதவியும் இருந்தது. 1945 பிப்ரவரி 13 அன்று, மணிலா நகருக்காக நடந்த சண்டையில் குண்டுச் சிதறல் பட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அந்த ஆஸ்பத்திரியின் மீதும் குண்டு விழுந்தது, அவர் இறந்துபோனார்.

அதே முகாமின் இன்னொரு பக்கம் ஃபே டெல் முண்டோ வருகிறார். 1911இல் மணிலாவில் பிறந்தவர். டாக்டராக ஆசைப்பட்ட அக்காள் சின்ன வயதிலேயே இறந்துபோக, அந்த ஆசையைத் தங்கை எடுத்துக்கொண்டார். 1933இல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்தார். மரின்டுக்கே தீவில் குழந்தைகள் வைத்தியம் இல்லாமல் சாவதைப் பார்த்ததால் குழந்தை மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். ஜனாதிபதி கேசோன் உதவித்தொகை கொடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் முதல் மாணவி அவர்தான் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அந்தப் பள்ளி 1945இல்தான் பெண்களை எம்.டி. படிப்பில் சேர்க்கத் தொடங்கியது. அதற்கு முன்பே இவர் பாஸ்டனில் மேற்பயிற்சி பெற்றார் என்பதுதான் சரி. அவர் பெருமை அந்த ‘முதல்’ பட்டத்தை நம்பி இல்லை.

1941இல் திரும்பி வந்ததுமே போர். முகாமில் அடைபட்டவர்களின் குழந்தைகளுக்காக ஒரு காப்பகம் நடத்தினார், ஜப்பானியர் அதை மூடும் வரை. போருக்குப் பிறகு அரசு ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் கட்டுப்பாடுகளோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போய், தன் வீட்டையும் சொத்தில் பெரும்பகுதியையும் விற்று, கடனும் வாங்கி, 1957இல் கேசோன் நகரில் குழந்தைகள் ஆஸ்பத்திரியைத் திறந்தார். வீட்டை விற்றாயிற்று, எங்கே தங்குவது? ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில். கடைசிவரை அங்கேதான் இருந்தார். தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகும் சக்கர நாற்காலியில் வார்டு வார்டாகப் போய்க் குழந்தைகளைப் பார்த்தார்.

அவர் செய்த மூங்கில் இன்குபேட்டரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு வெதுவெதுப்பு வேண்டும். கிராமத்தில் மின்சாரம் கிடையாது. துணி துவைக்க எடுத்துப்போகும் கூடைகள் இரண்டை எடுத்தார், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. சின்னதைப் பெரியதுக்குள் வைத்து, இரண்டுக்கும் நடுவே வெந்நீர்ப் புட்டிகளை அடுக்கினார். மேலே ஒரு மூடி, அதன் வழியாக ஆக்சிஜன். எந்தத் தீவிலும் கிடைக்கிற சாமான்கள். கிராமத்து மருத்துவச்சிகளை ஒதுக்காமல் அவர்களையும் டாக்டர்களையும் சேர்த்து வேலை செய்ய வைக்க வேண்டும் என்று விடாமல் சொன்னதும் இதே மனத்தில் இருந்துதான். 1977இல் ஆசியாவின் நோபல் என்று சொல்லப்படும் மகசாய்சாய் (மகசேசே) விருது, 1980இல் தேசிய விஞ்ஞானி பட்டம். நூறு வயதை நெருங்கும்போது, 2011 ஆகஸ்டில் காலமானார்.

டெல் முண்டோ போன்றவர்கள் வீட்டை விற்று வழி போட்டார்கள். எல்லாப் பட்டதாரிகளிடமும் அதை எதிர்பார்க்க முடியுமா? முடியாது, எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. 1976இல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம் லெய்டே தீவில் தொடங்கிய சுகாதார அறிவியல் பள்ளி இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. அதன் ஏற்பாட்டைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வழக்கமாக மருத்துவக் கல்லூரியில் மதிப்பெண் உள்ளவர் சேர்வார், முடித்துவிட்டு நகரத்திலோ வெளிநாட்டிலோ தங்கிவிடுவார். இங்கே மாணவரை ஊர் தேர்ந்தெடுக்கிறது. டாக்டர், நர்ஸ், மருத்துவச்சி யாரும் இல்லாத ஊர் கூடிப் பேசி, ‘இந்தப் பெண்ணை அனுப்புகிறோம், படித்துவிட்டு எங்களிடம் திரும்பி வர வேண்டும்’ என்று ஒப்பந்தம் போட்டு அனுப்புகிறது. சேர்ந்தவர் எல்லாரும், ஆண்களும்கூட, முதலில் பேறுகாலப் பணியைத்தான் கற்க வேண்டும். அது முடிந்ததும் ஊருக்குப் போய் வேலை செய்ய வேண்டும். ஊர் ‘இவர் நன்றாகச் செய்கிறார், மேலே படிக்கட்டும்’ என்று சொன்னால் அடுத்த படி, நர்சிங். மறுபடி ஊர், மறுபடி அதன் சம்மதம், அப்புறம் மருத்துவம். நடுவில் எந்தப் படியில் நின்றாலும் கையில் ஒரு தொழிலும் உரிமமும் இருக்கும், யாரும் ‘பாதியில் விட்டவர்’ ஆக மாட்டார். டாக்டராகும்போது அவர் ஏற்கெனவே பல ஆண்டுகள் அந்த ஊரில் பிரசவம் பார்த்து, ஊசி போட்டு, காய்ச்சலுக்கு ராத்திரி எழுந்து போனவராக இருப்பார்.

இந்தப் பள்ளியில் படித்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நாட்டிலேயே இருக்கிறார்கள். டாக்டர்களும் நர்சுகளும் கூட்டம் கூட்டமாக வெளியேறும் நாட்டில் இது சாதாரண விஷயம் கிடையாது. 2013 நவம்பரில் யோலாண்டா புயல் பாலோ ஊரில் இருந்த வளாகத்தைச் சிதைத்துப் போட்டது. பள்ளி மீண்டு வந்தது; அதற்கு முன்பே வடக்கே பலேரிலும் தெற்கே கொரோனடாலிலும் கிளைகள் தொடங்கியிருந்தன.

மருத்துவத்துக்கு வெளியேயும் இந்த மாதிரி ஏற்பாடுகள் உண்டு, சின்ன அளவில். இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய மரியா விக்டோரியா கார்ப்பியோ பெர்னிடோவும் அவர் கணவரும் மணிலாவில் பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு, 1999இல் பொஹோல் தீவின் ஹக்னா என்ற சின்ன ஊரில் ஓர் உயர்நிலைப் பள்ளியை நடத்தப் போனார்கள். இயற்பியல் படித்த ஆசிரியர்கள் கிடைக்க மாட்டார்கள், புத்தகம் வாங்கக் காசு இல்லை, ஏழை வீட்டுப் பிள்ளைகள். 2002இல் அவர்கள் கொண்டுவந்த முறையில் ஆசிரியர் விளக்குவது வகுப்பு நேரத்தில் சிறு பங்குதான். மீதி நேரம் பிள்ளை தானே பாடத்தாளைப் பார்த்துக் கையால் எழுதிப் போட்டுப் பார்க்க வேண்டும். பாடம் தெரிந்த ஓர் ஆசிரியர் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்து வகுப்புகளைக் கவனித்துக்கொள்வார். வீட்டுப்பாடம் இல்லை; சாயங்காலம் வீட்டு வேலையும் வயல் வேலையும் பார்க்கிற பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2010இல் இருவருக்கும் மகசாய்சாய் விருது கிடைத்தது. நூற்றுக்கணக்கான பள்ளிகள் அந்த முறையை எடுத்துக்கொண்டன.

டாக்டர் பெர்னாடெட் மாட்ரிட் எடுத்துக்கொண்டது இதைவிடக் கனமான வேலை. 1997இல் மணிலாவின் பெரிய அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவு தொடங்கியபோது அவர் பொறுப்புக்கு வந்தார். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு குழந்தை போலீஸிடம் ஒரு தடவை, டாக்டரிடம் ஒரு தடவை, சமூகப் பணியாளரிடம் ஒரு தடவை, நீதிமன்றத்தில் இன்னொரு தடவை என்று அதே கொடுமையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது அவர் பிரிவு. அங்கே பயிற்சி பெற்றவர்கள் மாகாணங்களில் தொடங்கிய பிரிவுகள் இன்று நூறைத் தாண்டிவிட்டன. அந்த நாட்டில் பாலுறவுச் சம்மத வயது 2022 வரை வெறும் 12 ஆக இருந்தது. அந்த ஆண்டுதான் 16 ஆக உயர்ந்தது. மாட்ரிட் போன்றவர்கள் பல ஆண்டுகளாகக் கத்திக் கேட்டதற்குப் பிறகு.

மலைப்பகுதிப் பழங்குடியில் பிறந்து நர்சிங் படித்த விக்டோரியா தவுலி-கோர்ப்பூஸ், தன் மக்களின் நிலத்தை மூழ்கடிக்கவிருந்த அணைத் திட்டத்தை எதிர்த்துத் தொடங்கி, 2014 முதல் 2020 வரை பழங்குடிகளின் உரிமைக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக இருந்தார். அரசியல் அறிவியல் பேராசிரியை மிரியம் கோரோனெல் ஃபெரர் 2014 மார்ச்சில், தெற்கே மிண்டனாவோவின் முஸ்லிம் மக்களான மோரோக்களின் இயக்கத்தோடு அரசு செய்த அமைதி ஒப்பந்தத்தில் அரசுத் தரப்பின் தலைமைப் பேச்சுவார்த்தையாளராகக் கையெழுத்திட்டார்.

சரி, இவ்வளவும் இருந்தும் ஏன் இத்தனை பேர் வெளியேறுகிறார்கள்? காரணம் தனிமனிதர்களின் ஆசை என்று சொன்னால் அது அநியாயம். 1974இல் மார்க்கோஸ் ஆட்சி வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதை அரசுக் கொள்கையாகவே ஆக்கியது. அதற்கு முன்பே அமெரிக்க ஆஸ்பத்திரிகள் பிலிப்பைன்ஸ் நர்சுகளை அழைத்துக்கொண்டிருந்தன. உரிமத் தேர்வில் பெண் தேறினால் வீட்டு வாசலில் அவள் படத்தைப் போட்டு, பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் போட்டு டிஜிட்டல் பேனர் கட்டுவார்கள். நம் தெருக்களில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் கட்டுவதைப் போலத்தான். அந்தப் பேனரில் சிரிக்கும் மூத்த மகளின் சம்பளத்தை நம்பித் தம்பி தங்கைகளின் கல்லூரிக் கட்டணமும் அப்பாவின் மருந்துச் செலவும் இருக்கும். உள்ளூர் ஆஸ்பத்திரி கொடுக்கும் சம்பளத்தில் அது நடக்காது.

இந்தக் கணக்குக்கு உலகம் வாங்கிக்கொண்ட விலை கோவிட் காலத்தில் தெரிந்தது. அமெரிக்க நர்சுகளில் பிலிப்பைன்ஸ் வம்சாவளியினர் ஏறக்குறைய 4 சதவீதம்; ஆனால் 2020 செப்டம்பரில் அங்குள்ள நர்சுகள் சங்கம் வெளியிட்ட கணக்கின்படி, கோவிட்டில் இறந்த நர்சுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமானவர்கள் இவர்கள். அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று பிரிட்டனின் கோவென்ட்ரி நகரில், ஒரு மூதாட்டிக்குப் பொதுமக்களுக்கான முதல் கோவிட் தடுப்பூசியைப் போட்டதும் பிலிப்பைன்ஸில் பிறந்த நர்ஸ்தான், மே பார்சன்ஸ்.

நாட்டுக்குள்ளே அரசு அப்போது நர்சுகள் வெளியேறுவதைத் தடுத்தது, பிறகு ஆண்டுக்கு 5,000 பேர் என்று உச்சவரம்பு போட்டது. எனக்கு இது கோபத்தைத்தான் வரவழைக்கிறது. கதவைப் பூட்டுவது வேறு, திரும்பி வர வழி போடுவது வேறு. மருத்துவ மாணவர்கள் விஷயத்தில் அதே அரசு நல்ல புத்தியோடு நடந்துகொண்டது: 2020 டிசம்பரில் வந்த சட்டப்படி, அரசு உதவித்தொகையில் படிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் ஆண்டு சொந்த ஊரிலோ டாக்டர் இல்லாத ஊரிலோ வேலை செய்ய வேண்டும், வேலையும் சம்பளமும் உறுதி.

நர்சுகளுக்கு அந்த அளவுக்கு யாரும் யோசிக்கவில்லை. அவர்கள் தாங்களே வழக்குப் போட்டு வாங்க வேண்டியிருந்தது. அரசு ஆஸ்பத்திரி நர்சுகளின் தொடக்கச் சம்பளத்தை அரசுச் சம்பள அட்டவணையின் 15ஆம் நிலைக்கு உயர்த்த வேண்டும் என்று 2002 நர்சிங் சட்டத்திலேயே எழுதியிருந்தது. அரசு 11ஆம் நிலையிலேயே கொடுத்துக்கொண்டிருந்தது. நர்சாக இருந்து நர்சுகளின் கட்சி சார்பில் நாடாளுமன்றத்துக்குப் போன லியா பக்கிஸ் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2019 அக்டோபரில், அந்தச் சட்டப் பிரிவு செல்லும் என்று தீர்ப்பு வந்தது. பணத்தை நாடாளுமன்றம்தான் ஒதுக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. 2020 பட்ஜெட்டில் பணம் ஒதுக்கினார்கள். சட்டம் எழுதிய சம்பளம் கைக்கு வர 18 ஆண்டுகள் ஆயின. தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. அவர்களுக்கும் அதே அடித்தளச் சம்பளம் வேண்டும் என்ற மசோதாக்கள் ஒவ்வொரு நாடாளுமன்றத்திலும் வருகின்றன, இன்னும் நிறைவேறவில்லை.